கதவுக்குப் பின்னால் தொங்கும் பை

பாலையூற்றைச் சேர்ந்த யோகலிங்கம் சுதர்ஷினி எந்த இடத்திற்கும் முந்திச் சென்று காத்திருக்கும் இயல்பினள். பேருந்தில் சாரதிக்கு அருகேயுள்ள முன் ஆசனத்திலேயே எப்போதும் அமர்வாள். பென்சிலைக் கொண்டையிற் செருகியிருப்பாள். பாடக் குறிப்புகளில் உறுதியானவற்றுக்குச் சிவப்பிலும் ஐயமானவற்றுக்குப் பச்சையிலும் கோடிடுவாள். பிறழ்நிலை உளவியல் என்னும் பாடத்தைக் கற்கத் தொடங்கிய பின்னர் இன்னொரு பழக்கமும் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. காணும் மனிதர்க்கெல்லாம் ஒரு நோயின் பெயரைச் சூட்டுவாள். பேருந்துச் சாரதி வண்டியைக் கிளப்புமுன் பிள்ளையார் படத்தைத் தொட்டு, கியரைத் தொட்டு, மீண்டும் படத்தைத் தொடுவார். இடையில் எவரேனும் பேச்சுக் கொடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்குவார். அவருக்கு எண்ணச் சுழற்சி நோய். துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் வேலை செய்யும் அவளுடைய தகப்பனார் இரவுணவின் பின் கதிரையில் அமர்ந்து எதுவும் பேசாமல் சுவரைப் பார்த்திருப்பார். அவருக்கு நீடித்த மனச்சோர்வு. இவற்றையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனத்தில் வன்மமும் இல்லை. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட குழந்தை வீதியிலுள்ள பெயர்ப்பலகைகளையெல்லாம் வாசித்துக்கொண்டு போவதைப் போன்றதே அது.

தாயார் இரத்தினேஸ்வரிக்கு மட்டும் அவள் எந்தப் பெயரும் சூட்டியதில்லை. தாயாரை அவள் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை என்பதே அதற்குக் காரணம் என்று பின்னர்தான் அவளுக்கு விளங்கிற்று.

அவள் கற்ற தனியார் நிறுவகம் துறைமுகத்தை நோக்கிய ஒரு பழைய களஞ்சியத்தைத் திருத்தி அமைக்கப்பட்டது. வகுப்பறை யன்னல்களூடாகப் பாரந்தூக்கிகளும், நங்கூரமிட்ட கப்பல்களும், அவற்றிடையே திரியும் இழுவைப் படகுகளும் தெரியும். பிறழ்நிலை உளவியலைக் கற்பித்தவர் பாக்கியரத்தினம் என்னும் விரிவுரையாளர். உப்புவெளியிற் பிறந்து, நெடுங்காலம் கொழும்பில் வாழ்ந்து, அண்மையில் ஊர் திரும்பியவர். நன்றாகவே கற்பிப்பார். ஒரு நடத்தை பிறழ்வானதா என்று அறிவதற்கு நான்கு அளவுகோல்கள் உண்டென்று அவர் முதல் நாளே கரும்பலகையில் எழுதினார்: வழக்கத்திலிருந்து விலகுதல், துன்பம், செயற்பாடு குலைதல், ஆபத்து. அந்த நான்கையும் மாணவர்கள் நித்திரையிலும் ஒப்புவிப்பார்கள்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. ஒவ்வொரு மாணவரும் ஒரு தனியாள் ஆய்வை வகுப்பின் முன் படிக்க வேண்டும். அது புத்தகத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்ததாக இருத்தலாகாது. தாம் கண்ணாற் கண்ட ஒரு மனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டும். பெயரை மாற்றிவிட்டாற் போதும் என்றார். அந்த மனிதரிடம் உத்தரவு பெற வேண்டும் என்று அவர் கூறவில்லை, மாணவர்களும் வினவவில்லை. பெயரைச் சொல்லாவிட்டாலும், எந்த ஒழுங்கை, எந்தச் சந்தி, என்ன தொழில் என்ற அளவிலேயே ஆளை இன்னாரென்று கண்டுகொள்ளும் ஒரு சிறு நகரத்தில் பெயரை மாற்றுவதால் யாது பயன் என்று எவரும் எண்ணிப் பார்க்கவுமில்லை.

முதலிற் படிக்க முன்வந்தவள் நிரோஜினி. அவள் சுதர்ஷினியின் நெருங்கிய தோழி. பரீட்சைக் காலங்களில் சுதர்ஷினியின் வீட்டிலேயே தங்கிப் படித்து, இரத்தினேஸ்வரியின் கையால் உண்டு, அன்ரி அன்ரி என்று குசினி வாசலிலேயே இருப்பவள்.

நிரோஜினியின் ஆய்வுக்குரியவர் திருமதி ம. என்ற ஒரு பெண். கடற்கரைக் கிராமமொன்றிற் பிறந்தவர். நடுத்தர வயதினர். அவர் தமது வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு பையை எந்நேரமும் ஆயத்தமாகத் தொங்கவிட்டிருக்கிறார். அதில் பத்திரங்கள், மின்சூள் விளக்கு, மாற்றுடை, பிஸ்கற் பொதி ஆகியன உள்ளன. பிஸ்கற் பழுதாகுமுன் எடுத்து உண்டுவிட்டுப் புதியதை வைக்கிறார். படுக்கைக்குப் போகுமுன் அந்தப் பையைத் தொட்டுப் பார்க்காமல் அவருக்கு உறக்கம் வருவதில்லை.

சுதர்ஷினி மற்றவர்களைப் போலவே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பையைப் பற்றிய இடத்தில் அவளுக்கு எந்த ஐயமும் எழவில்லை. அவளறிந்த வீடுகளிலெல்லாம் அப்படி ஒரு பை இருந்ததால், அது ஒருவருக்குரிய அடையாளமாக அவளுக்குத் தோன்றவேயில்லை. எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதிச் சிவப்பிற் கோடும் இட்டாள்.

நிரோஜினி தொடர்ந்தாள். திருமதி ம. வீட்டிலுள்ள எல்லாருடைய செருப்புகளையும் வாசலை நோக்கித் திருப்பி வைத்துவிட்டே படுப்பார். அவர் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர். முடிச்சுகள் போட்ட நீண்ட கயிறொன்றைப் பிடித்துக்கொண்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாக, கடல் வந்தால் தப்புவதற்கென்று, ஓசையின்றி மேட்டிலிருக்கும் கோயில்வரை நடந்து போகும்படி அப்பிள்ளைகளைப் பழக்குகிறார். தமது அச்சத்தைத் தம்மை அறியாமலே பிள்ளைகளின் மனத்தில் ஏற்றுகிறார். ஆகவே நான்காவது அளவுகோலாகிய ஆபத்தும் இங்கே பொருந்துகிறது.

சுதர்ஷினியின் கை நின்றுவிட்டது. அந்தக் கயிற்றின் முடிச்சுகளைப் போட்டுக் கொடுத்தவர் அவளுடைய தகப்பனார். படகுக்காரர் போடும் இறுக்கமான முடிச்சு. பாலையூற்று முன்பள்ளியில், இரத்தினா ரீச்சர் என்று ஊர் அழைக்கும் அவள் தாயாரின் கயிற்று நடையைக் காணாதவர் அந்தச் சுற்றாடலில் இல்லை.

பின் வரிசையிலிருந்த பிரசாந்தன் எழுந்து, வழக்கம்போலச் சிரிக்க வைக்க முயன்றான்.

"சேர், அந்த அன்ரி எங்கை ஓடுறதெண்டு முடிவெடுத்தாப் பிறகு எங்களுக்கும் ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ. பிஸ்கற்றும் இருக்குதெண்டபடியால் நானும் கூடப் போவம் எண்டு பாக்கிறன்."

வகுப்பு சிரித்தது. பாக்கியரத்தினமும் புன்னகைத்தார். பின்பு, துணிச்சலான நல்ல ஆய்வு என்று நிரோஜினியைப் பாராட்டி அமரச் சொன்னார். சுதர்ஷினி தான் சிவப்பிற் கோடிட்ட அந்தச் சொற்களைப் பார்த்தபடியே வகுப்பு முடியும்வரை அசையாதிருந்தாள்.

சிற்றுண்டிச்சாலையின் பின்புறத்தில் வைத்து அவள் நிரோஜினியை மறித்தாள். சுதர்ஷினியுடன் கிண்ணியாவிலிருந்து வரும் தோழி ரிஸ்லாவும் நின்றாள். தன் தாயாரைப் பற்றி எழுதியது ஏன் என்று சுதர்ஷினி கேட்டதற்கு, தான் எந்தப் பெயரையும் போடவில்லையே என்றாள் நிரோஜினி. அவள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பாராட்டின் மகிழ்ச்சி இன்னும் அவள் முகத்திலேயே இருந்தது.

"அன்ரி தானாத்தானே சொன்னவ. நான் கேட்டனான், அவ சொன்னவ. ஒண்டையும் நான் களவெடுக்கேல்லை."

"என்னத்துக்குக் கேக்கிறாய் எண்டு சொன்னனியோ?"

"அதைச் சொன்னால் ஆரடி சொல்லுவினம்?"

ரிஸ்லா அப்போதுதான் வாய்திறந்தாள். "அப்ப உனக்கே தெரியும்," என்றாள். "தெரிஞ்சுகொண்டுதான் செஞ்சிருக்கிறாய். நான் விளங்காமச் செஞ்சிட்டாய் எண்டெல்லோ நெனச்சன்."

நிரோஜினி அவ்விடம் விட்டு நகர்ந்தாள். போகும்போது, வீட்டில் பழகிப் பார்ப்பதற்காக மாமாவின் முன்னால் ஒருமுறை படித்துக் காட்டியதாகவும், அவரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாகவும், தன் பக்கத்துக்கு ஒரு சாட்சியைக் காட்டுபவள் போலச் சொல்லிச் சென்றாள். அவளுடைய மாமா இராசையா பாலையூற்று முன்பள்ளி நிருவாகக் குழுவின் செயலாளர் என்பதை அவள் மறந்திருந்தாளா, மறவாமலேதான் படித்தாளா என்பது சுதர்ஷினிக்கு விளங்கவில்லை. எதுவாயினும் விளைவு ஒன்றே.

அந்த வாரத்தின் கடைசிப் பள்ளி நாளில் இரத்தினேஸ்வரி முன்பள்ளி விடுமுன்னரே வீடு திரும்பினார். சுதர்ஷினி வந்தபோது அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வேண்டிய அளவுக்கு மேலும் துருவியிருந்தார். நடந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதைப் போலவே சொன்னார். இராசையா வந்தார். கதிரையில் இருக்கும்படி சொன்னதற்கு இருக்கவில்லை. நீங்கள் கனகாலம் வேலை செய்து களைத்துப்போனீர்கள், கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றார். மனநிலை நலம் என்று வைத்தியரிடமிருந்து ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் குழு கூடிப் பேசும் என்றார். பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற சொல்லை இரண்டு தடவை பாவித்தார். போகும்போது சுவரிலிருந்த கயிற்றைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனார்.

கயிற்றைப் பற்றிச் சொல்லும்போதுதான் இரத்தினேஸ்வரியின் குரல் மாறிற்று. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றார். கயிற்றைக் கொண்டுபோனால் நாங்கள் எதைப் பிடிப்பது என்று ஒரு பிள்ளை அவரிடம் கேட்டதாம்.

அந்த நேரத்தில் வேலையிலிருந்து வந்த தகப்பனார் யோகலிங்கம் செய்தியைக் கேட்டதும், கழற்றிய சட்டையை மீண்டும் போட்டுக்கொண்டு இராசையா வீட்டுக்குப் புறப்பட்டார். இரத்தினேஸ்வரி அவரைத் தடுத்தார். நீங்கள் கோபத்தோடு போனால் வீட்டிலுள்ளவர்கள் எல்லாருக்குமே நோய் வருத்தம் என்றுதான் எழுதுவார்கள் என்றார். யோகலிங்கம் வாசலிலேயே நின்றார். பின் சட்டையைக் கழற்றாமலே கதிரையில் அமர்ந்தார்.

சுதர்ஷினி கொதித்தாள். நிரோஜினியை, விரிவுரையாளரை, இராசையாவை, நிறுவகத்தை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டினாள். தாயாருக்கு எந்த நோயும் இல்லை என்றும், அதைத் தன்னால் புத்தகத்தைக் காட்டியே நிறுவ முடியும் என்றும் சொன்னாள். இரத்தினேஸ்வரி துருவலைப் பக்கத்தில் வைத்துவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். இருக்குதெண்டும் சொல்ல வேண்டாம், இல்லையெண்டும் சொல்ல வேண்டாம். நீ இதைத்தானே படிக்கிறனீ. ஒரு நாளாவது என்னட்டைக் கேட்டனியோ? அந்தப் பிள்ளை கேட்டவள். தேத்தண்ணியைக் கையில வச்சுக்கொண்டு, ஏன் அன்ரி இந்தப் பை எண்டு கேட்டவள். இந்த வீட்டில ஒருத்தரும் கேக்காததை ஒரு பிள்ளை வந்து கேக்குதே எண்ட சந்தோசத்திலதான் எல்லாத்தையும் சொன்னனான்."

சுதர்ஷினிக்கு அதுவரை பிறர்மீது வீசிய கோபம் முழுவதும் திரும்பி வந்து நெஞ்சில் விழுந்ததைப் போலிருந்தது.

அடுத்த வகுப்பில் பாக்கியரத்தினம் அளவுகோல்களை மீட்டிக் கற்பிக்கத் தொடங்கினார். வழக்கத்திலிருந்து விலகுதல் என்பதற்குத் திருமதி ம. அவர்களின் பையையே எடுத்துக்காட்டினார். சுதர்ஷினி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க அனுமதி கோரினாள். பின்பு விரிவுரையாளரை விட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவுக்குப் பின்னாலயோ, அலுமாரிக்கு மேலயோ, கட்டிலுக்குக் கீழயோ, எங்கயெண்டாலும் சரி. வீட்டில இப்பிடி ஒரு பை இல்லாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

சிலர் சிரித்தார்கள். பின்பு சிரிப்பு அடங்கிற்று. பதுளையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். அவளுக்கு அருகிலிருந்தவன் பாதி உயர்த்திய கையைக் கீழே விட்டான். புல்மோட்டையிலிருந்து வருபவர்களும், கப்பல்துறையிலிருந்து வருபவர்களும், மூதூர்க்காரரும் தத்தம் மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கட ஊட்ட ரெண்டு பை," என்றாள் ரிஸ்லா. "வாப்பாட பையை ஒருத்தரையும் தொட உட மாட்டாரு. காணி உறுதி அதுக்குள்ளதான் கெடக்கு. சுனாமியில உறுதி போனதால, எங்கட வளவு எங்கடதுதானெண்டு காட்ட வாப்பா ஏறி இறங்காத கந்தோர் இல்ல."

பிரசாந்தனை நோக்கி, உன் வீட்டில் இல்லையா என்று சுதர்ஷினி கேட்டாள். அவன் பகிடி ஒன்றைத் தேடுபவன் போல அங்குமிங்கும் பார்த்தான். கிடைக்கவில்லை.

"இருக்குது," என்றான். "அம்மம்மா செத்தாப் பிறகும் அவவின்ர மருந்து எழுதின துண்டு அதுக்குள்ள கிடக்குது. எடுக்க மனமில்லை."

நிரோஜினி தலை நிமிரவில்லை. அவளிடம் மட்டும் சுதர்ஷினி எதுவும் கேட்கவில்லை. அவள் வீட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் நீலப் பையைச் சுதர்ஷினி பலமுறை கண்டிருக்கிறாள். அதைச் சபையில் சொல்வதற்கு அவளிடம் கோபம் இருந்தது; உத்தரவு இருக்கவில்லை.

பாக்கியரத்தினம் அறிவுள்ள மனிதர். தோற்றுப்போக விரும்பாதவரும் கூட. எல்லாரிடமும் இருப்பதனால் ஒன்று சுகமானது என்று ஆகிவிடாது என்றார். ஓர் ஊர் முழுவதற்குமே வருத்தம் இருக்கலாம்; போரும் கடலும் கண்ட இடத்தில் அது வியப்பன்று; எண்ணிக்கை நோய்க்கு மருந்தாகாது என்றார். அதில் உண்மை இருந்தது. அந்த உண்மைதான் சுதர்ஷினிக்கு அதிக ஆத்திரத்தைத் தந்தது.

"ஊர் முழுக்க வருத்தமெண்டால் ஏன் சேர் என்ர அம்மாவை மட்டும் வேலையால நிப்பாட்டினவை? ஊர் முழுக்க நிப்பாட்டட்டுமே. உங்களையும் சேர்த்து."

விரிவுரையாளருக்கு அது புதிய செய்தி. திருமதி ம. யாரென்று அப்போதுதான் அவர் அறிந்தார்.  வகுப்பை அத்துடன் நிறுத்திவிட்டு, மதியத்தின் பின் தம் அறைக்கு வரும்படி சுதர்ஷினியிடம் சொன்னார்.

அறையில் அவர் வேறு மனிதராக இருந்தார். தேநீர் வருவித்தார். நடந்ததற்காக வருந்துவதாகச் சொன்னார், பொய்யாகச் சொல்லவில்லை. நிறுவகத்தின் பணிப்பாளருக்கு அறிவித்துவிட்டதாகவும், முன்பள்ளிக் குழுவுக்குத் தாம் ஒரு கடிதம் எழுத ஆயத்தமாக இருப்பதாகவும் கூறினார். அந்த ஆய்வு மாணவர் பயிற்சி மட்டுமே, அது நோய் நிருணயம் ஆகாது, ஆசிரியையின் தகுதி குறித்து அதிலிருந்து எதையும் முடிவு செய்தல் ஆகாது என்று நிறுவகத்தின் பெயரால் எழுதலாம். இராசையா அதை மீற மாட்டார். இரத்தினேஸ்வரி திங்கட்கிழமையே பள்ளிக்குத் திரும்பலாம்.

ஆனால் பணிப்பாளர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். உத்தரவின்றி ஒருவரைப் பற்றி வகுப்பிற் பேச நிறுவகம் இடங்கொடுத்தது என்று நாளை எவரும் முறையிடக் கூடாது.

"நீங்கள் எழுதக்கூட வேண்டாம் தங்கச்சி. அம்மாவுக்கு முன்னமே தெரியும், அவ சம்மதிச்சுத்தான் நடந்தது எண்டு பணிப்பாளருக்கு முன்னால ஒரு வசனம் சொன்னாப் போதும். நிரோஜினியும் அப்பிடித்தான் சொல்லுறா."

"அது நோய் நிருணயமில்லை எண்டது உண்மைதானே சேர்?"

"உண்மைதான்."

"அப்ப அந்த உண்மையை எழுதுறதுக்கு நான் ஏன் சேர் பொய் சொல்ல வேணும்?"

அவர் யன்னற்பக்கம் திரும்பினார். வெளியே இழுவைப் படகொன்று தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கப்பலைத் தள்ளிக்கொண்டிருந்தது. நிறுவகம் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். மறுநாட் காலைக்குள் முடிவு சொல்லும்படியும், தாயாரை நினைத்து முடிவெடுக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அவள் எழுந்தபோது, அவளுடைய தனியாள் ஆய்வும் அடுத்த கிழமை படிக்கப்பட வேண்டும் என்பதை நினைவூட்டினார். அவள் பேருந்துச் சாரதியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதை அவர் அறிவார். பொருத்தமான தெரிவு என்று முன்னரே பாராட்டியுமிருந்தார்.

மாலைப் பேருந்தில் அவள் முன் ஆசனத்தில் அமரவில்லை. பின்னால் நின்றுகொண்டே போனாள். சாரதி படத்தைத் தொட்டார், கியரைத் தொட்டார், மீண்டும் படத்தைத் தொட்டார். அவருடைய பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவரைப் பற்றி அவள் எழுதி வைத்தவற்றில் வயது இருந்தது, தோற்றம் இருந்தது, நோயின் பெயர் இருந்தது. ஏன் என்று அவரிடம் கேட்ட ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

வீட்டில் இரத்தினேஸ்வரி பையைக் கீழே இறக்கி, பாயில் பரப்பி, பிஸ்கற் பொதியை மாற்றிக்கொண்டிருந்தார். நிவாரண நிறுவனமொன்று எப்போதோ கொடுத்த பை. எழுத்துகள் அழிந்து நிறம் மட்டும் எஞ்சியிருந்தது. சுதர்ஷினி விரிவுரையாளர் கூறியதை முழுவதும் சொன்னாள். தாயார் இடைமறிக்காமற் கேட்டார். திங்கட்கிழமை என்ற சொல்லைக் கேட்டபோது மட்டும் அவருடைய கைகள் நின்றன. அவருக்குப் பிள்ளைகளிடம் போக வேண்டும். அது அவருடைய முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைக் கண்டபோது சுதர்ஷினிக்குத் தான் மதியம் விரிவுரையாளரிடம் பேசிய பேச்செல்லாம் மலிவாகத் தோன்றிற்று. ஒரு வசனம்தானே என்ற எண்ணமும் வந்தது.

முதலில் அவள் பாயில் தாயாருக்கு எதிரே அமர்ந்தாள். ஏன் இந்தப் பை அம்மா என்று கேட்டாள்.

இரத்தினேஸ்வரி கையிலிருந்த பொதியைப் பாயில் வைத்தார். பின்பு சொன்னார். அவர் பிறந்த சல்லிக் கிராமத்தில் சுனாமியில் கடல் வந்தபோது சுதர்ஷினி கைக்குழந்தை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலுடன், முள்ளும் கண்ணாடித் துண்டும் பாராமல் ஓடினார். வீடு போயிற்று. அடையாள அட்டைகள் போயின. குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் போயிற்று. சில நாட்களின் பின் நகரத்துக்கு வரும்போது, சோதனைச் சாவடியில் அடையாள அட்டை இல்லை என்று யோகலிங்கத்தைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். இரத்தினேஸ்வரி குழந்தையோடு வீதியில் நின்றார். நீ யார் என்றார்கள். இந்தக் குழந்தை யாருடையது என்றார்கள். இரண்டுக்கும் காட்டுவதற்கு அவரிடம் ஒரு கடுதாசியும் இருக்கவில்லை. கணவரை விடுவித்துக்கொள்ளும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"கடல் வீட்டைத்தான் எடுத்தது," என்றார். "கடுதாசி இல்லையெண்டு மனுசரைப் பிடிச்சு வச்சது கடல் இல்லை. எனக்குக் கடலில பயமில்லை. அதை அந்தப் பிள்ளைக்கும் சொன்னனான். அவள் அதை எழுதேல்லைப் போல."

நிரோஜினி அதை எழுதியிருக்கவில்லை. நான்கு அளவுகோல்களில் எதற்குள்ளும் அது அடங்கவில்லை. சுவரைப் பார்த்துக் கதிரையில் அமர்ந்திருந்த யோகலிங்கம், மனைவி பேசி முடியும்வரை முகத்தைத் திருப்பவில்லை. சுதர்ஷினி அவரையும் பார்த்தாள். அவருக்குத் தான் வைத்திருந்த பெயரை நினைத்துக் கூசினாள்.

சம்மதித்ததாகச் சொல்லட்டுமா என்று அவள் இறுதியாகக் கேட்டாள். உங்களுக்குப் பள்ளி வேண்டுமென்றால் சொல்கிறேன், நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்றாள். இரத்தினேஸ்வரி சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றிப் பையினுள் வைத்தார். அதன்மேல் மின்சூளை வைத்தார். எழுந்து ஆணியில் மாட்டியபின் மறுமொழி சொன்னார்.

"கேட்டிருந்தால் ஓமெண்டு சொல்லியிருப்பன். படிக்கிற பிள்ளையளுக்கு உதவட்டும் எண்டு விட்டிருப்பன். இப்ப கேட்டாலும் யோசிப்பன். ஆனால் அப்ப கேட்டவை எண்டு சொல்ல ஏலாது. கேக்காமல் எடுத்தவை. அதையும் நாங்களே குடுத்ததெண்டு சொன்னால், பிறகு எங்களிட்டை என்னதான் மிச்சம்?"

குழு கூடும் நாளில் தானே நேரிற் போய்ப் பேசுவதாகச் சொன்னார். சான்றிதழ் எதுவும் கொண்டுபோக மாட்டார். கயிற்றைத் திருப்பிக் கேட்பார். பள்ளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கயிறு யோகலிங்கம் தன் கையால் முடிந்தது. அது வீட்டுக்கு வர வேண்டும் என்றார். அவருடைய குரலில் நடுக்கம் இருக்கவில்லை. கோபம் இருந்தது. மகளுடைய கோபத்தைவிட அது பழையது, அதனாலேயே சத்தமில்லாதது.

மறுநாட் காலையில் சுதர்ஷினி வழக்கம்போல முந்திச் சென்று விரிவுரையாளரின் அறை வாசலிற் காத்திருந்தாள். பாக்கியரத்தினம் வந்து கதவைத் திறந்து, அமரும்படி கைகாட்டினார். பணிப்பாளர் காத்திருக்கிறார் என்றும், ஒரு நிமிட வேலைதான் என்றும் சொன்னார். அவள் அமரவில்லை.

"அம்மாவிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, சேர். பணிப்பாளருக்கு முன்னால நான் அதைத்தான் சொல்லப் போறன். முறைப்பாடும் எழுதிக் குடுப்பன்."

கடிதம் கிடைக்காது என்பது தெரிந்தே பேசுகிறாளா என்று அவர் கேட்டார். தெரியும் என்றாள். தாயாருக்கும் தெரியும் என்றாள். அவர் மேசைமீதிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். பாடத்தை விடுவதாக எண்ணமா என்று மெல்ல வினவினார்.

"இல்லை சேர். படிக்கத்தான் போறன். அடுத்த கிழமை என்ர தனியாள் ஆய்வு வராது. புள்ளியைக் குறையுங்கோ. அந்தச் சாரதியிட்டை நான் இன்னும் கேக்கேல்லை."